மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்

நாகல் நகர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்.

நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று எனக்கு மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து நின்று "வாரேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது. அப்புறம் டீ குடிக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "ஏண்ணே, ஒரு வெளாட்ட இம்புட்டு வருசமாவா செய்வாங்க? நாங்க பள்ளிக்கூடம் போகையிலயே இந்தா வருது அந்தா வருதுன்னாங்க." அதற்கும் நான் சிரித்து வைத்தேன். பதில் தெரியாமல் இல்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை.

அந்த விளையாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது ஒரு காரணம். பெயர் எனக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம். நான் இருந்த காலத்தில் பலமுறை மாற்றினார்கள். கடைசிப் பெயரை அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்கப்புறம் நூற்பாலையில் சைடு பார்த்தேன். ஓடுகிற இயந்திரத்தின் ஓரமாக மேலும் கீழும் நடந்து, எங்கே இழை அறுந்திருக்கிறது என்று பார்த்து ஒட்டுகிற வேலை. ஆலையை மூடியபோது, நாகல் நகரில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற அலுவலகம் வந்திருப்பதாகவும், நாள் முழுக்கப் பேசாமல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு ஆட்கள் வேண்டுமென்றும் ஒருவர் சொன்னார். பேசாமலிருக்க எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. விளையாட்டுக்குள் இருக்கிற சுவர்களின் ஓரமாக நடக்க வேண்டும். எங்கே ஓட்டை, எங்கே கால் தரைக்குள் போகிறது, எங்கே ஆள் மரத்துக்குள் மாட்டிக்கொள்கிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலையில் செய்ததையேதான் இங்கேயும் செய்தேன். பஞ்சுத் தூசி மட்டும் இல்லை.

விளையாட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. ஒரு தீவு, அதில் ஒரு ராஜா, அவருக்கு ஒரு மகன். விளையாடுகிறவர்தான் அந்த மகன். தீவு பெரியது என்பதால் பல நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ராஜாவின் முகம் ஒரு நாட்டில், குரல் வேறொரு நாட்டில், கப்பல்கள் இன்னொரு நாட்டில். நமக்கு வந்தது அரண்மனைக்கு வெளியே உள்ள சந்தையும், அதில் திரிகிற ஆடு மாடு கோழி குதிரைகளும்.

ஆட்டைச் செய்தவன் நசீர். பேகம்பூர்ப் பையன், எனக்குப் பக்கத்து நாற்காலி. படிப்பு முடித்து வந்த முதல் வேலையே அவனுக்கு ஆடுதான். முதலில் எலும்பைச் செய்தான், பிறகு தோல், பிறகு ரோமம், பிறகு நடை. நடையைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அவனோடு தெருவில் போக முடியாது. எந்த ஆட்டைக் கண்டாலும் நின்றுவிடுவான்.

செய்து முடித்த ஆட்டை வெளிநாட்டில் ஏழெட்டுப் பேர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர், இன்னும் கொஞ்சம் ஆட்டுத்தனம் தேவை என்று எழுதுவார். நசீர் கூட்டுவான். அடுத்தவர், ஆட்டுத்தனம் அதிகமாகிவிட்டது, விளையாடுகிறவர் கவனம் ராஜாவை விட்டுவிட்டு ஆட்டின் மேல் போகும் என்று எழுதுவார். குறைப்பான். கடைசி ஆள் சரி சொல்லும்போது முதல் ஆள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவர் இடத்துக்கு வந்தவர் எல்லாவற்றையும் புதுக் கண்ணோடு பார்ப்பார். அப்படி வந்த ஒருவர், "இது ஏன் ஆடாக இருக்கிறது?" என்று கேட்டு எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத நம் அலுவலகத்தில் இரண்டு முறை கூட்டம் போட்டோம்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் இப்படி எழுதி வரும். வரும்போது கோபப்படாதீர்கள். அவர்களுக்கும் சம்பளம் தருகிறார்கள், அவர்களும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

ஆடு முடிந்த பிறகுதான் மழை வந்தது.

போட்டிக் கம்பெனி ஒன்றின் விளையாட்டில் மழை பெய்வதை அங்கே யாரோ ஒரு பெரிய தலை பார்த்துவிட்டார். நம்முடையதிலும் பெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கு ஒரு நிமிடம். நமக்கு, செய்துவைத்த எல்லாவற்றையும் நனைக்க வேண்டியிருந்தது. நனைந்த கோழி வேறு மாதிரி இருக்கும், நனைந்த துணி வேறு மாதிரி தொங்கும். சந்தைக்காரர்கள் கடையை மூட வேண்டும். மூடினால் விளையாடுகிறவன் யாரிடம் வாள் வாங்குவான் என்று கதை எழுதுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பெய்த தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. கொஞ்ச காலம் தீவில் மழை பெய்தால் கிணறு பொங்கிச் சந்தையில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. நான் அதில் நடந்து நடந்து சுவர் பார்த்தேன்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும். அது ஆடியதும் மூன்றாவது விழும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். ஆனால் இதை எல்லோரும் சொல்வார்கள். மீதிப் பாதியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நசீருக்கு மழை பிடித்திருந்தது. வெள்ளாட்டுக்கு மழை ஆகாது என்பது நமக்குத் தெரியும். தூறல் விழுந்தால் போதும், ஒதுங்க இடம் தேடி ஓடும். ஆத்தூர்ப் பக்கம் போய், அணைக்கு அருகே மேய்கிற ஆடுகளை மழை நாளில் நின்று பார்த்துவிட்டு நனைந்துபோய் வந்தான். அதன்பிறகு அவன் ஆட்டுக்கு ஒரு புத்தி கொடுத்தான். மழை வந்தால் பக்கத்தில் எங்கே கூரை இருக்கிறதோ அங்கே போ. அங்கே இடமில்லை என்றால் அடுத்த கூரைக்குப் போ. அவ்வளவுதான். சந்தையில் மழை பெய்ததும் ஆடுகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு கூடாரங்களுக்குள் ஓடியதைப் பார்த்து அலுவலகமே எழுந்து நின்றது. வெளிநாட்டிலிருந்து ஒரே சொல்லில் பாராட்டு வந்தது. திருத்தம் எதுவும் வரவில்லை. அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன்.

மாதம் ஒருமுறை எல்லா நாட்டு அலுவலகங்களும் திரையில் கூடும். அன்று எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பார்கள்: சொன்ன நாளுக்கு முடியுமா? ராஜாவின் முகத்தைச் செய்கிறவர்கள், முடியும் என்பார்கள். கப்பல்காரர்கள், முடியும் என்பார்கள். நம்மை நடத்திய மேடமும் முடியும் என்பார். நீங்கள் சேருவதற்கு முன்பே அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். என்னைவிட வயதில் மிகச் சிறியவர், ஆனால் இந்த வேலையில் எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அது அவரிடம் கற்றது. நான் கண்ட பிழையைத் தமிழில் எழுதிக் கொடுப்பேன், அவர் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவார். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் அவரிடம், கப்பல் இன்னும் மிதக்கவே இல்லையே, எப்படி முடியும் என்கிறார்கள் என்று கேட்டேன்.

"பந்தியில உக்காந்திருக்கோம்ணே. எல்லாருக்கும் வயிறு நெறஞ்சிருச்சு. ஆனா மொத ஆளா எந்திரிக்க யாருக்கும் தைரியம் இல்ல. எவன் மொதல்ல எந்திரிக்கிறானோ அவனாலதான் பந்தி கலைஞ்சதுன்னு பேரு வரும். ஒருத்தன் எந்திரிச்சுட்டா மத்தவனெல்லாம் பின்னாலயே வந்து கை கழுவிருவான்" என்றார்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாக மட்டும் இருந்தது.

விளையாட்டு வெளியாகும் நாளைக் கம்பெனி உலகத்துக்கு அறிவித்த சமயம் அது. இந்த முறை தள்ளிப்போகாது என்றார்கள். நசீருக்கு வத்தலக்குண்டில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அவளுடைய அத்தா சிக்கந்தர் பாய்க்கு அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புரோட்டாக் கடை. கொடைக்கானல் போகிற வண்டிகள் எல்லாம் நின்று போகிற கடை. நசீருக்குத் தகப்பனார் இல்லை. பேச்சுக்குப் போகும்போது அலுவலகத்து ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் எத்தனையோ வாய் உள்ளவர்கள் இருக்க என்னை ஏன் கூப்பிட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பாய் கேட்டார்.

"ஆடு செய்யிறேன் மாமா" என்றான் நசீர்.

"ஆட்டுல என்ன செய்யிறீங்க? வறுவலா, சுக்காவா?"

நசீர் விளக்கினான். ஆட்டைப் படமாவது காட்டச் சொன்னார் பாய். காட்ட அனுமதியில்லை. விளையாட்டின் பெயரைக் கேட்டார். சொல்ல அனுமதியில்லை. எந்தக் கம்பெனி என்றார். அதற்கும் கையெழுத்துப் போட்டிருந்தான். உள்ளே கதவுப்பக்கம் நின்றிருந்த பெண், ஆட்டுக்குக் கொம்பு இருக்கிறதா என்று தன் அம்மா வழியாகக் கேட்டுவிட்டாள். நசீர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கொம்பு விஷயம் ஒப்பந்தத்தில் வருகிறதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

"இத்தன வருசமா வேலை பாத்தீங்க. என்ன செஞ்சீங்கன்னு காட்ட ஒன்னுமே இல்ல" என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்து விசாரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

வேறு வழியில்லாமல் நசீர் ஒன்றைச் சொன்னான். விளையாட்டு வெளியானால், கதை முடிந்த பிறகு செய்தவர்கள் பெயரெல்லாம் திரையில் ஓடும், அதில் அவன் பெயரும் வரும். பாய்க்கு அது பிடித்தது. வெளியாகட்டும், பெயரை நான் என் கண்ணால் பார்க்கிறேன், பார்த்த அடுத்த வாரம் நிக்காஹ் என்றார். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் பெண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது, மதுரையிலிருந்தும் கேட்டு வருகிறார்கள் என்றார். அறிவித்த நாள் அந்த ஒரு வருடத்துக்கு உள்ளேயே இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நசீர் மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். கதவுப்பக்கம் நின்றவளை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அதில் தெரிந்தது.

அதனால் அந்த நாள் தள்ளிப்போகக் கூடாது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

நம் பகுதியை மொத்தமாக முடித்து ஒப்படைக்கிற நாள் வந்தது. சாயங்காலம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒரு ரோமத்தைக்கூட நாம் தொட முடியாது. மத்தியானம் நான் கடைசியாக ஒருமுறை சந்தையில் இறங்கினேன். கதைப்படி அப்போது ராஜா மரணப் படுக்கையில் இருக்கிறார். சோகத்துக்காக வெளியே மழையை வைத்திருந்தார்கள். மகன் சந்தையைத் தாண்டி ஓடி, அரண்மனைக்குள் போய், அப்பாவின் கையைப் பிடிக்க வேண்டும். விளையாட்டிலேயே பெரிய இடம் அதுதான். ராஜா பேசுகிற கடைசிப் பேச்சை எழுத மட்டும் தனியாக ஓர் ஆளை வைத்திருந்தார்கள்.

நான் சந்தைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது டீ வந்தது. மகனை மழையில் அப்படியே நிற்க வைத்துவிட்டு, வடையும் தின்று, டீயைக் குடித்து முடித்தேன். பிறகு ஓடி அரண்மனைக்குள் போனேன்.

ராஜாவின் அறையில் ஆடுகள் நின்றன.

ஒன்றிரண்டு இல்லை, சந்தையின் மொத்த ஆடுகளும் அங்கே இருந்தன. கூடாரங்கள் ஆட்களால் நிறைந்துவிட்டதால், அடுத்த கூரை, அடுத்த கூரை என்று தேடி, மழைக்கு ஒழுகாத பெரிய கூரை அரண்மனைதான் என்று கண்டுபிடித்து வந்திருந்தன. காவலர்களுக்கு எதிரியைத் தடுக்கத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ராஜா மகனின் கையைப் பிடித்து, இந்தத் தீவு இனி உன்னுடையது என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சின் மேல் ஒரு கிடா நின்று, அசைபோட்டபடி என்னைப் பார்த்தது.

நான் பக்கத்து நாற்காலியைத் தட்டினேன். நசீர் எட்டிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது.

"எப்படிண்ணே வந்துச்சு?"

டீ குடிக்கச் சந்தையில் நின்றேன் என்று சொன்னேன்.

"சாகக்கெடக்குற அப்பனப் பாக்கப் போறவன் எவன்ணே சந்தையில நிப்பான்?"

நியாயமான கேள்வி. அலுவலகத்தில் எல்லோரும் அந்த இடத்தை ஓடித்தான் பார்த்திருந்தார்கள். ஓடுகிறவன் போய்ச் சேரும்போது ஆடுகள் பாதி வழியில்தான் இருக்கும். ஆனால் வீட்டில் விளையாடுகிறவனுக்குப் போன் வரும். அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள், வாசலில் யாரோ மணி அடிப்பார்கள். கதையில் இருப்பவன் ஓடலாம், அவனை ஓட்டுகிறவன் எழுந்து போவான். இதை நசீரிடம் நான் இத்தனை கோர்வையாகச் சொல்லவில்லை. "போன் வரும்ல" என்று மட்டும் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது.

அவன் குரலைத் தாழ்த்தினான். இதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் போதும், ஆனால் சரிசெய்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கச் சொல்வார்கள், நாள் தள்ளிப்போகும் என்றான். வத்தலக்குண்டு பேச்சையே அவன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுத்திருக்கலாம், இல்லை ஒத்துக்கொண்டிருக்கலாம்.

தம்பிகளே, இந்த வேலையில் உங்களுக்கு இப்படி ஒரு மத்தியானம் கட்டாயம் வரும். பிழை சின்னதாக இருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது, பக்கத்து நாற்காலியில் ஒருவன் வாழ்க்கை அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு யோசித்து முடிவு செய்கிற திறமை கிடையாது. நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இதை விட்டுவிட்டால் இனி எந்தச் சுவரோரம் நான் நடந்தாலும் ஓட்டை இருந்ததா இல்லையா என்று எனக்கே நம்பிக்கை இருக்காது. ஆலையில் அறுந்த இழையைப் பார்த்துவிட்டுத் தாண்டிப்போனவன் அதற்கப்புறம் எதையுமே பார்க்க மாட்டான். நான் அப்படிப்பட்ட ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன்.

எழுதப்போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிழை எழுதுகிற நோட்டை முன்னால் இழுத்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"எழுதுங்கண்ணே" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆடு நல்லாத்தானே நிக்குது?" என்று கேட்டான்.

"நல்லா நிக்குது தம்பி."

"அதையும் எழுதிருங்க."

எழுதினேன். ஆட்டில் குறை ஒன்றும் இல்லை, அது நிற்கிற இடத்தில்தான் குறை என்று எழுதினேன். மேடம் படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நம் அலுவலகம்தான் பந்தியில் முதலில் எழுந்தது என்று பெயர் வரப்போகிறது. அது அவர் தலையில்தான் விழும். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நீங்க பாத்தீங்கள்ல என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். ஒரு சொல் மாற்றாமல் அனுப்பினார்.

மறுநாள் ஜும்மாத் தொழுகைக்குப் போகுமுன் நசீர் சரிசெய்துவிட்டான். ராஜாவின் அறைக்குக் கூரையே இல்லை என்று ஆடுகளை நம்பவைத்தான். அவை பாட்டுக்கு அரண்மனைத் தாழ்வாரத்தோடு நின்றுவிட்டன. ஆக மொத்தம் ஒரு காலை நேர வேலை.

விளையாட்டை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். நானும் பின்வரிசையில் நின்றேன். நம் மேடம் நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒருவரும் கோபப்படவில்லை. ராஜாவின் முகத்தைச் செய்தவர் பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. ஆடுகள் விஷயம் மிகவும் முக்கியமானது, அவசரப்படக் கூடாது, இந்த நேரத்தைப் பயன்படுத்தி நாங்களும் முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். குரல்காரர்கள், ஆடு வந்துவிட்டால் ராஜா பேசுகிற பேச்சையே மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கப்பல்காரர்கள் பெருந்தன்மையோடு, ஆட்டுக்காக நாங்கள் காத்திருக்கத் தயார் என்றார்கள். அவர்கள் கப்பல் அதுவரை தண்ணீரில் இறக்கினால் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நசீர் எழுந்து, ஆடு நேற்றே சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். மேடம் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

சில நாள் கழித்துக் கப்பல் அலுவலகத்திலிருந்து நமக்கு ஒரு பெட்டி சாக்லேட் வந்தது. ஆட்டுக்கு என்று எழுதியிருந்தது.

கம்பெனி உலகத்துக்கு அறிவித்தது: இந்தத் தீவில் வாழும் ஒவ்வோர் உயிருக்கும் உரிய கவனத்தைக் கொடுக்க விரும்புகிறோம். உடனே உலகம் முழுக்க விளையாட்டுப் பிரியர்கள் திட்டினார்கள். ஆடு சமாசாரம் எப்படியோ கசிந்து, ஆட்டைத் திட்டிப் பாட்டுக் கட்டிப் போட்டார்கள். நசீர் அதையெல்லாம் பார்த்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாய் கூப்பிட்டனுப்பினார். நசீரின் அம்மா மறுபடி என்னையே போகச் சொன்னார். இந்த முறை நான் போவதற்குக் கூசினேன். என் கை எழுதியதால்தான் அந்தப் பெண் மதுரைக்குப் போகப்போகிறாள். ஆனால் போகாமல் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது.

கடையில் கூட்டம் குறைந்த நேரம். பாய் எங்களைக் குடும்ப அறையில் உட்கார வைத்து டீ சொன்னார். அவர் போனில் ஆட்டைத் திட்டுகிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினார்.

"இது நம்ம ஆடா?"

நசீர் டீயை எடுத்துக் குடித்தான். அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது. பாய் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இந்த ஆட்டச் சரி பண்ண எம்புட்டு நேரமாச்சு?"

"ஒரு காலை மாமா."

"அதுக்கு ஒரு வருசமா?"

பாய் என் பக்கம் திரும்பினார். நசீரின் அம்மா சொன்னாராம், நீங்கள்தான் கண்டுபிடித்து எழுதினீர்களா என்று கேட்டார். ஆமாம் பாய் என்றேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. வெளாட்டு வெளிய வந்துருச்சு, மாப்பிள்ளை பேரும் வந்துருச்சுன்னு வைங்க. அதுக்குப் பெறகு இவருக்கு என்ன வேலை?"

மேசைக்குக் கீழே நசீர் என் காலை மிதித்தான். எனக்குச் சமாளித்துப் பேசத் தெரிந்திருந்தால் அன்று சமாளித்திருப்பேன்.

"பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிருவாங்க பாய். வேலை முடிஞ்சுருச்சுல்ல."

பாய் டீக் கிளாஸை உருட்டிக்கொண்டு யோசித்தார். வெளியே கல்லில் முட்டை விழும் சத்தம் கேட்டது.

"அப்ப வந்தாத்தான ஆபத்து" என்றார்.

நாங்கள் இருவரும் நிமிர்ந்தோம்.

"வராத வரைக்கும் சம்பளம் தர்றான்ல?"

"தர்றாங்க மாமா."

"அந்த வெளாட்டுல மாடு இருக்கா?"

"இருக்கு."

"குதிரை?"

"இருக்கு மாமா."

"கோழி?"

"நெறைய இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "ஒரு ஆட்டுக்கு ஒரு வருசம். நான் கவர்மெண்ட்டு மாப்பிள்ளை தேடி எத்தன ஊரு அலஞ்சேன்."

நசீருக்கு உடனே புரியவில்லை. திரையில் வருகிற பெயர் என்ன ஆவது என்று கேட்டான். அது கல்யாணப் பத்திரிகையில் வரும், அதுவே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் பாய். கதவுப்பக்கம் யாரோ வேகமாக நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

உங்கள் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் விளையாட்டு வெளியாக வேண்டும் என்று ஆசைதான், பெயர் வர வேண்டும் என்று ஆசைதான். ஆனால் வெளியான மறுநாள் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அங்கே மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது, அதனால்தான் யாராவது ஒரு ஆட்டைக் காட்டும்வரை காத்திருக்கிறார்கள். புரோட்டாக் கடைக்காரர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுகொண்டதைக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இதைத் தெரிந்துகொண்டதால் நீங்கள் மெதுவாக வேலை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. நசீர் ஆட்டை ஒரு காலையில் சரிசெய்தான். நீங்களும் உங்கள் ஆட்டை அப்படியே சரிசெய்யுங்கள். கண்ணில் பட்டதை எழுதுங்கள். தள்ளி வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் வேலை இல்லை. அதற்குப் பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிக்காஹ் வத்தலக்குண்டில் நடந்தது. அலுவலகத்திலிருந்து எல்லோரும் ஒரு வேன் பிடித்துப் போனோம். சாப்பாட்டின்போது சிக்கந்தர் பாய் ஒவ்வொரு வரிசையாகக் கவனித்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் பக்கத்தில் குனிந்தார்.

"புதுசா எதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று காதோடு கேட்டார்.

அந்த வாரம்தான் நான் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். குதிரை சம்பந்தப்பட்டது, ஒப்பந்தம் இருப்பதால் அதற்குமேல் சொல்லக் கூடாது. "குதிரையில ஒன்னு இருக்கு பாய்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து, பிரியாணிச் சட்டியோடு வந்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறி வைக்கச் சொன்னார்.